வயிற்றுக் கிருமியைத் தேடிய டாக்டர்

கொண்டாப்பூர் ஹைதராபாத் நகரத்தின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது. உயரமான கட்டிடங்கள் நிறைந்த இடம். அந்தக் கட்டிடங்களைக் கட்டப் பல ஊர்களிலிருந்து மக்கள் வந்திருக்கிறார்கள். அந்த வீடுகளில் சமைக்கவும், பாத்திரம் தேய்க்கவும் வந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களும் உண்டு. அவர்களில் சிலர் மாலை ஏழு மணிக்கு நம் வகுப்புக்கு வருகிறார்கள்.

ஒரு நாள் ஒரு பெரியம்மா கையில் ஓர் அட்டையோடு வந்தார். அது அவருடைய பேரனின் தடுப்பூசி அட்டை. பேரனுக்கு இரண்டரை மாதம் ஆகப் போகிறது. அட்டை தெலுங்கில் இருந்தது.

“கண்ணு, இதுல என்ன எழுதியிருக்குன்னு பாரு. அடுத்த சொட்டு மருந்து எப்போன்னு தெரியணும்” என்றார்.

அவர் மகளும் கூட வந்திருந்தார். “ஒரு தடவை ஊத்தியாச்சேம்மா. குழந்தை நல்லாத்தானே இருக்கான்? மறுபடி லீவு போட்டா ஒரு நாள் சம்பளம் போயிடும்” என்றார் மகள்.

பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

“உனக்கு முன்னாடி ஒருத்தன் பொறந்தான். 1995-ல. எட்டு மாசக் குழந்தை. வாந்தி, பேதி. பல்லு மொளைக்குது, அதான் பேதின்னாங்க. தண்ணி குடுக்காதே, குடுத்தா இன்னும் போகும்னாங்க. மூணாம் நாள் போயிட்டான். வீட்டைச் சுத்தமாத்தான் வெச்சிருந்தேன். எங்கே தப்புப் பண்ணினேன்னு இன்னும் தெரியலை.”

வகுப்பில் யாரும் பேசவில்லை. எனக்கும் பதில் தெரியவில்லை. தேடிப் படித்தேன். பதிலில் ஒரு பகுதி வேலூரில் இருந்தது. இன்னொரு பகுதி நம் ஹைதராபாத்திலேயே இருந்தது. அதைத்தான் இந்தப் பாடத்தில் படிக்கப் போகிறோம்.

வயிற்றுக்குள் ஓர் உலகம்

கிருமி என்றால் நமக்குப் பயம் வருகிறது. எல்லாக் கிருமிகளும் கெட்டவை அல்ல. தயிரை உறைய வைப்பது கிருமிதான். இட்லி மாவைப் பொங்க வைப்பதும் கிருமிதான்.

நம் குடலுக்குள்ளும் கிருமிகள் வாழ்கின்றன. ஒரு பெரிய மனிதரின் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன. அவை நாம் தின்ற நார்ச்சத்தைச் செரிக்க உதவுகின்றன. சில வைட்டமின்களை உண்டாக்குகின்றன. கெட்ட கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் காவல் காக்கின்றன.

நல்ல குடித்தனக்காரர்கள் இருக்கும் தெருவில் திருடன் நுழைவது கடினம் அல்லவா? அது போலத்தான்.

ஆனாலும் சில திருடர்கள் நுழைந்துவிடுகிறார்கள். காலரா கிருமி, டைபாய்டு கிருமி, ரோட்டா கிருமி ஆகியவை அப்படிப்பட்டவை.

சக்கரம் போன்ற கிருமி

ரோட்டா என்பது ஒரு வைரஸ். பாக்டீரியாவைவிட மிகச் சிறியது. தலைமுடி ஒன்றின் குறுக்கே ஏறத்தாழ ஆயிரம் ரோட்டா கிருமிகளை வரிசையாக நிறுத்தலாம். 1973-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் இதைக் குழந்தைகளின் குடலில் கண்டுபிடித்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் வண்டிச் சக்கரம் போல இருக்கும். லத்தீன் மொழியில் ‘ரோட்டா’ என்றால் சக்கரம். அதனால் இந்தப் பெயர்.

இது குழந்தைக்கு எப்படிப் பேதியை உண்டாக்குகிறது?

துவட்டுகிற பூத்துண்டைப் பாருங்கள். அதில் சின்னச் சின்ன நூல்கள் எழும்பி நிற்கும். அந்த நூல்கள்தான் தண்ணீரை உறிஞ்சுகின்றன. நம் சிறுகுடலின் உட்புறமும் அப்படித்தான் இருக்கிறது. சின்னச் சின்ன விரல்கள் போன்ற பகுதிகள் எழும்பி நிற்கின்றன. அவை உணவின் சத்தையும் தண்ணீரையும் உறிஞ்சுகின்றன.

ரோட்டா கிருமி அந்த விரல்களின் நுனியைத் தாக்குகிறது. நுனி அழிந்துபோனால் தண்ணீர் உறிஞ்சப்படாது. அதோடு, இந்தக் கிருமி ஒரு நஞ்சையும் உண்டாக்குகிறது. அதனால் உடலில் இருக்கும் தண்ணீரும் உப்பும் குடலுக்குள் வந்து வெளியே போகின்றன. வாந்தியும் சேர்ந்துகொள்கிறது. சிறிய உடலில் இருக்கும் தண்ணீரே கொஞ்சம். அது வேகமாகக் குறைந்தால் குழந்தை இறந்துபோகலாம்.

தடுப்பு மருந்து வருவதற்கு முன்பு, இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 78,000 குழந்தைகள் இந்த ஒரு கிருமியால் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. ஒரு நாளைக்கு 200 குழந்தைகளுக்கும் மேல்! பேதி என்று ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட 100 குழந்தைகளில் ஏறத்தாழ 40 பேருக்கு இந்தக் கிருமி இருந்தது.

ரயில்வே வீட்டுப் பெண்

ககன்தீப் காங் 1962-ல் சிம்லாவில் பிறந்தார். அப்பா ரயில்வேயில் இன்ஜினீயர். அம்மா ஆங்கிலமும் வரலாறும் சொல்லிக் கொடுத்த ஆசிரியை. அப்பாவுக்கு அடிக்கடி மாற்றல் வரும். அதனால் ககன்தீப் பல ஊர்களில், பல பள்ளிக்கூடங்களில் படித்தார். பன்னிரண்டு வயதில் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே ஒரு சின்ன ஆய்வுக்கூடம் அமைத்தார்.

பிறகு வேலூருக்கு வந்தார். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தார். நம் ஊர்ப் பக்கம் சி.எம்.சி. ஆஸ்பத்திரி என்று சொல்கிறோமே, அதே இடம்தான். 1987-ல் எம்.பி.பி.எஸ். முடித்தார். 1991-ல் கிருமி இயலில் எம்.டி. பட்டம் பெற்றார். 1998-ல் முனைவர் பட்டமும் பெற்றார். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மேரி எஸ்டஸ் என்ற விஞ்ஞானியிடம் பயிற்சி பெற்றார். ரோட்டா கிருமியின் நஞ்சைக் கண்டறிந்தது மேரி எஸ்டஸின் ஆய்வுக்கூடம்தான்.

பயிற்சி முடிந்ததும் அவர் அங்கேயே தங்கவில்லை. வேலூருக்குத் திரும்பினார்.

ஏன் திரும்ப வேண்டும்? யோசித்துப் பாருங்கள். ரோட்டா கிருமி பணக்கார நாட்டுக் குழந்தைகளுக்கும் வந்தது. ஆனால் சாவு பெரும்பாலும் ஏழை நாடுகளில்தான் நடந்தது. நோய் எங்கே கொல்கிறதோ, அங்கே அதைப் படிக்க வேண்டும்.

373 குழந்தைகள்

டாக்டர் காங்கும் அவருடைய குழுவினரும் ஒரு பெரிய வேலையைத் தொடங்கினார்கள். வேலூரில் நெருக்கமான குடியிருப்புகளைத் தேர்ந்தெடுத்தார்கள். பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் பல அங்கே இருந்தன. 2002-ஆம் ஆண்டு முதல் பிறந்த குழந்தைகளைக் கணக்கில் சேர்த்தார்கள். 373 குழந்தைகளை மூன்று வயது வரை விடாமல் கவனித்தார்கள்.

களப் பணியாளர்கள் வாரத்துக்கு இரண்டு முறை வீட்டுக்குப் போனார்கள். “குழந்தைக்குப் பேதியா? காய்ச்சலா?” என்று கேட்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குழந்தையின் மலத்தைச் சேகரித்தார்கள். குழந்தைக்குப் பேதி இல்லாதபோதும் சேகரித்தார்கள். எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள்.

மலத்தைப் பார்த்து நாம் முகம் சுளிக்கிறோம். அந்த மலத்தில்தான் குழந்தைகளின் உயிரைக் காக்கும் செய்தி இருந்தது.

இந்த ஆய்வின் முடிவு 2011-ல் வெளியானது. அதிலிருந்து இரண்டு செய்திகள்:

ஒன்று. 100 குழந்தைகளில் 56 பேருக்கு ஆறு மாதத்துக்குள்ளேயே ரோட்டா கிருமி தொற்றியிருந்தது.

இரண்டு. மெக்சிகோ நாட்டில் முன்பு இதே போல ஓர் ஆய்வு நடந்தது. அங்கே இரண்டு முறை கிருமி தொற்றிய குழந்தைக்கு, பிறகு கடுமையான பேதி வரவில்லை. வேலூரில் அப்படி இல்லை. மூன்று முறை தொற்றிய பிறகும் பாதுகாப்பு முழுமையாக இல்லை. 100-க்கு 79 என்ற அளவில்தான் இருந்தது.

இதனால் என்ன தெரிகிறது? நம் குழந்தைகளுக்குக் கிருமி சீக்கிரமே வருகிறது. ஆகவே தடுப்பு மருந்தையும் சீக்கிரமே கொடுக்க வேண்டும். ஒரு தவணை போதாது.

சொட்டு மருந்து வந்த கதை

டில்லியில் எய்ம்ஸ் என்ற பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. 1980-களில் அங்கே டாக்டர் மகாராஜ் கிஷன் பான் ஒரு விந்தையைக் கவனித்தார். பிறந்த சில குழந்தைகளின் குடலில் ரோட்டா கிருமி இருந்தது. ஆனால் அவர்களுக்குப் பேதி இல்லை. பின்னாளில் கடுமையான ரோட்டா பேதி அவர்களுக்குக் குறைவாகவே வந்தது. அந்தக் கிருமி சாதுவான வகை. அதற்கு 116-ஈ என்று பெயரிட்டார்கள்.

இந்தச் சாதுக் கிருமியையே மருந்தாக்கினால் என்ன? இந்திய விஞ்ஞானிகளும் அமெரிக்க விஞ்ஞானிகளும் பல ஆண்டுகள் உழைத்தார்கள். மருந்தைத் தயாரிக்கும் பொறுப்பை ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனம் ஏற்றது. அதை 1996-ல் தொடங்கியவர்கள் கிருஷ்ணா எல்லா, சுசித்ரா எல்லா தம்பதியர். கிருஷ்ணா எல்லா தமிழ்நாட்டில் திருத்தணிப் பக்கம் பிறந்தவர்.

மருந்தைச் சோதிக்க வேண்டும். டில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளுக்கு, பெற்றோரின் சம்மதத்தோடு சோதனை நடந்தது. 2011-ல் தொடங்கியது. வேலூரில் டாக்டர் காங்கின் குழு பொறுப்பேற்றது. கடுமையான ரோட்டா பேதியில் பாதிக்கும் சற்று அதிகமானதை மருந்து தடுத்தது.

பாதிதானா என்று கேட்கலாம். 78,000-ல் பாதி எவ்வளவு? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2015 மார்ச் மாதம் ‘ரோட்டாவாக்’ என்ற இந்த மருந்து வெளியிடப்பட்டது. வெளிநாட்டு மருந்துகளைவிட விலை மிகக் குறைவு. 2016-ல் ஆந்திரப் பிரதேசம், ஹரியானா, இமாசலப் பிரதேசம், ஒடிசா ஆகிய நான்கு மாநிலங்களில் அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. 2017-ல் தமிழ்நாட்டுக்கு வந்தது. 2019-ல் நாடு முழுவதும் விரிவானது. இப்போது ரோட்டாவாக் தவிர வேறொரு இந்திய நிறுவனத்தின் ரோட்டா மருந்தும் கொடுக்கப்படுகிறது.

ஒரு பயம் இருந்தது. 1999-ல் அமெரிக்காவில் பழைய ரோட்டா மருந்து ஒன்று நிறுத்தப்பட்டது. அதனால் சில குழந்தைகளுக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டது. நம் மருந்திலும் அந்த ஆபத்து உண்டா? டாக்டர் காங்கும் மற்றவர்களும் இந்தியாவின் பல ஆஸ்பத்திரிகளில் இதைக் கவனித்தார்கள். ஆபத்து கூடவில்லை என்று 2020-ல் முடிவு வெளியானது. மருந்தைக் கொடுத்ததோடு வேலை முடியவில்லை. கொடுத்த பிறகும் கண்காணித்தார்கள்.

பலிக்காத முயற்சியும் பாடம்தான்

வாய்வழியாகக் கொடுக்கும் மருந்துகள் பணக்கார நாடுகளில் நன்றாக வேலை செய்கின்றன. ஏழைப் பகுதிகளில் பலன் குறைகிறது. ஏன்? குடலில் ஏற்கெனவே இருக்கும் கிருமிகள் காரணமா?

இதை அறிய வேலூர் மாவட்டக் கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. 750-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்குக் கிருமிகொல்லி மருந்து கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து இல்லாத வெறும் கலவை கொடுத்தார்கள். பிறகு எல்லோருக்கும் போலியோ சொட்டு கொடுத்தார்கள். குடலில் கெட்ட பாக்டீரியாக்கள் குறைந்தன. ஆனால் போலியோ சொட்டின் பலன் கூடவில்லை.

2016-ல் இந்த முடிவு வெளியானது. நினைத்தது நடக்கவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். ஒரு வழி அடைத்திருக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்தவர் வேறு வழியில் போவார்.

2019-ல் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி டாக்டர் காங்கைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அந்தச் சங்கம் 1660-ல் தொடங்கியது. அறிவியல் ஆய்வுக்காக அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியப் பெண் இவர்தான். 2023-ல் கேட்ஸ் அறக்கட்டளையில் சேர்ந்தார். அங்கும் குடல் நோய்கள் அவருடைய பொறுப்பில் வந்தன.

பெரியம்மாவின் கேள்விக்குப் பதில்

அடுத்த வாரம் வகுப்பில் இதையெல்லாம் சொன்னேன். பெரியம்மாவிடம் இப்படிச் சொன்னேன்.

“பெரியம்மா, உங்க குழந்தைக்கு வந்தது ரோட்டாவா, வேற கிருமியான்னு இப்ப யாராலும் சொல்ல முடியாது. ஆனா ரோட்டா சுத்தமான வீட்டுக்கும் வரும். வெளிநாட்டுல பெரிய பங்களாக் குழந்தைக்கும் வந்திருக்கு. பல் முளைக்கிறதால பேதி வராது. அந்த வயசுல குழந்தை கண்டதை எடுத்து வாயில வைக்கும். கிருமி அப்படித்தான் போகும்.”

“தண்ணி குடுக்காம இருந்தேனே?” என்றார்.

“அது தப்புத்தான் பெரியம்மா. ஆனா உங்ககிட்ட அப்படித்தான் சொன்னாங்க. சரியானதைச் சொல்ல யாரும் வரலை.”

1971-ல் வங்கதேசப் போரின்போது அகதிகள் மேற்கு வங்காளத்தில் வந்து தங்கினார்கள். பங்காவ் என்ற ஊரில் அவர்களுக்குக் காலரா பரவியது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்துப் பலரைக் காப்பாற்றினார். அந்த நீர்தான் ஓ.ஆர்.எஸ். பெரியம்மாவின் குழந்தை இறந்தது 1995-ல். மருந்து தெரிந்து 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. செய்தி மட்டும் அவர் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

செய்தி வந்து சேர வேண்டும். நாம் எழுதப் படிக்கக் கற்பது அதற்காகவும்தான்.

பேதி வந்தால் என்ன செய்வது?

1. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். அடிக்கடி கொடுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு வழக்கமான உணவையும் கொடுங்கள்.

2. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அரசு ஆஸ்பத்திரியிலும் பஸ்தி தவாகானாவிலும் கிடைக்கும். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர் எடுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட் முழுவதையும் கொட்டிக் கலக்குங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிடுங்கள்.

3. ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள்.

4. துத்தநாக மாத்திரையும் கொடுப்பார்கள். பேதி நின்றாலும் 14 நாள் கொடுத்து முடியுங்கள். அளவை நர்ஸிடம் கேளுங்கள்.

5. அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானம் ஓ.ஆர்.எஸ். அல்ல. அதிகச் சர்க்கரை பேதியைக் கூட்டும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில், இப்படிப்பட்ட பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. வாங்கும்போது உறையைப் படியுங்கள்.

6. கண் குழி விழுதல், உச்சிக்குழி உள்ளே போதல், சிறுநீர் போகாமை, குடிக்க முடியாமை, மயக்கம், மலத்தில் ரத்தம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பேதி வந்தால் காத்திருக்க வேண்டாம்.

7. ரோட்டா சொட்டு மூன்று தவணை. ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம். தவறிப்போனால் விட்டுவிடாதீர்கள். நர்ஸிடம் கேளுங்கள்.

சொட்டு கொடுத்தாலும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். காலராவும் டைபாய்டும் ரோட்டா சொட்டுக்கு அடங்காது.

அட்டையைப் படித்த நாள்

அட்டை தெலுங்கில் இருந்தது என்று சொன்னேன் அல்லவா? எழுத்து தெலுங்கு. ஆனால் தேதியை நர்ஸ் எண்ணில் எழுதியிருந்தார். எண்கள் எல்லா அட்டையிலும் ஒன்றுதான். பெரியம்மாவுக்கு எண்கள் தெரியும். நம் வகுப்பில்தான் கற்றார்.

விரலை வைத்து மெல்லப் படித்தார். முதலில் நாள். பிறகு மாதம். காலண்டரைப் பார்த்தார்.

“வர்ற புதன்கிழமை” என்றார்.

மகள் அட்டையை வாங்கித் தானும் ஒருமுறை பார்த்தார். “புதன்கிழமை காலையில நான் லேட்டா வர்றேன்னு சொல்லிடறேன்” என்றார்.

“நீ வேலைக்குப் போ. நான் தூக்கிட்டுப் போறேன். எனக்குத்தான் படிக்கத் தெரியுமே” என்றார் பெரியம்மா.

பயிற்சி

அ. விடை சொல்லுங்கள்.
1. ரோட்டா கிருமிக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது?
2. வேலூரில் எத்தனை குழந்தைகளை மூன்று வயது வரை கவனித்தார்கள்?
3. பேதியின்போது தண்ணீர் கொடுக்காவிட்டால் என்ன ஆகும்?

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.
1. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ______ லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும்.
2. துத்தநாக மாத்திரையை ______ நாள் கொடுக்க வேண்டும்.
3. ரோட்டா சொட்டு ______ தவணை.

இ. செய்து பாருங்கள்.
உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும் குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுங்கள். அடுத்த தேதி எது என்று படியுங்கள். அதைக் காலண்டரில் வட்டமிடுங்கள்.

ஈ. கூடிப் பேசுங்கள்.
பேதி பற்றி உங்கள் ஊரில் பெரியவர்கள் சொன்னவை எவை? அவற்றில் எவை சரி? எவை தவறு?